காது கேட்காமல் போன கவிஞர், கதகளிக்கு உயிர் கொடுத்த கதை: யார் இந்த வள்ளத்தோள்?

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் வருஷக்கணக்கில் விசைத்தறி ஓட்டியவர்கள் வீட்டில் ஒரு காட்சி சகஜம். டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். கல்யாணப் பந்தியில் நாலு பேர் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். எதற்குச் சிரித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. இன்னொரு தடவை கேட்கவும் கூச்சம். கொஞ்ச நாளில் பந்திக்குப் போவதே குறைந்துவிடும். மொய்யை மட்டும் பையனிடம் கொடுத்து அனுப்பிவிடுவார்.

தறிக்கூடமோ, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியோ, நாமக்கல் லாரி பாடி பட்டறையோ, தினமும் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் நிற்பவர்களுக்குக் காது மெல்ல மெல்ல மந்தமாகும். வயதானாலும் இதேதான். கேட்பது குறைவது முதல் பிரச்னை. ஆள் ஒதுங்கிப் போவது அடுத்தது. சொல்லப்போனால் அதுதான் பெரிசு. கவனிக்காமல் விட்ட காது கேளாமை, முதுமையில் மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்று லான்செட் இதழின் நிபுணர் குழு 2017-லிருந்தே சொல்லி வருகிறது.

இப்படி ஒதுங்கிப் போக எல்லாக் காரணமும் இருந்தும், போகாத ஒருவரின் கதை இது. பெயர் வள்ளத்தோள் நாராயண மேனன். மலையாளிகளுக்கு மகாகவி. சென்னை மாகாண அரசு தமிழுக்கு நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையை ஆஸ்தான கவிஞராக வைத்த காலத்தில், மலையாளத்துக்கு அந்த இடம் கிடைத்தது இவருக்குத்தான்.

எங்கே பிறந்தார்?

1878 அக்டோபர் 16, திரூர் பக்கத்தில் சேன்னரா கிராமம். இன்றைக்கு அது கேரளாவின் மலப்புரம் மாவட்டம். அன்றைக்கு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லா. அதாவது சேலம் ஜில்லாவும் அந்தக் கிராமமும் ஒரே அரசாங்கத்தின் கீழ்தான் இருந்தன.

ஆங்கிலப் பள்ளிக்கூடம் பக்கம் போனவர் இல்லை. சமஸ்கிருதம்தான் படிப்பு. மாமா ராமுண்ணி மேனன் கவிதையோடு அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலையும் சொல்லிக் கொடுத்தார். 1901-ல் சித்தாழி மாதவி அம்மாவுடன் கல்யாணம். பிறகு திருச்சூருக்குக் குடிபெயர்ந்து, 1905 முதல் 1910 வரை கல்பத்ருமம் என்ற அச்சகத்தில் மேனேஜர் வேலை. வால்மீகி ராமாயணத்தை மலையாளத்தில் கொண்டுவந்ததும் இந்தக் காலத்தில்தான்.

அச்சகத்தில் இருந்த அந்த வருஷங்களில்தான் காது மந்தமாகத் தொடங்கியது. மருத்துவம் படித்தவருக்குத் தன் காதைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. முப்பது வயதை ஒட்டிய நேரம். நாளடைவில் சுத்தமாகவே கேட்காமல் போனது.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய இழப்பு?

ஒரு கவிஞனுக்கு அன்றைக்குக் கவிதை என்பது புத்தகத்தில் வருவதற்கு முன்னால் வாயில் வருவது. நாலு பேர் கூடி உட்கார்ந்து ஒருவர் சுலோகம் சொல்ல, அடுத்தவர் பதிலுக்கு ஒன்று எடுத்துவிட, பக்கத்தில் இருப்பவர் தொடையைத் தட்டி ரசிப்பார். அந்த வட்டத்தில் காது கேட்காதவன் என்ன செய்வான்? கேட்கும் கருவி என்று சட்டைப்பையில் வைத்துக்கொள்ள அப்போது எதுவும் கிடையாது.

அவர் செய்த முதல் காரியம், அதை மறைக்காமல் இருந்தது. 1910-ல் தன் காது போன துயரத்தையே ஒரு கவிதை நூலாக எழுதி வெளியிட்டார். பெயர் 'பதிர விலாபம்'. செவிடனின் புலம்பல் என்று அர்த்தம். ஊர் முழுக்கப் படிக்கிற மாதிரி ஒரு கவிஞர் இதை எழுதியது சின்ன விஷயம் இல்லை. இன்றைக்கும் நம்மூரில் கண்ணாடி போட யாரும் யோசிப்பதில்லை, காதில் மெஷின் மாட்டச் சொன்னால் மட்டும் நாலு பேர் என்ன நினைப்பாங்களோ என்று தள்ளிப்போடுகிறோம்.

ஜெர்மானிய இசைமேதை பீத்தோவன் இதில் நேர் எதிர். அவருக்கும் முப்பது வயதுக்கு முன்பே காது பழுதாகத் தொடங்கியது. வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்து வருஷக்கணக்கில் விருந்துகளையும் நண்பர்களையும் தவிர்த்தார். 1802-ல் தம்பிகளுக்கு எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த கடிதத்தில் அந்த வேதனை இருக்கிறது. பிறகு 1818 வாக்கில்தான் நோட்டுப் புத்தகத்தை நீட்டி, வந்தவர்களை எழுதிப் பேச வைத்தார்.

வள்ளத்தோள் விஷயத்திலும் எழுத்தும் சைகையும்தான் பாலம். அவர் பேசுவதில் குறை இல்லை, ஏனென்றால் பேச்சு வளர்ந்து முடிந்த பிறகுதான் காது போனது. அடுத்தவர் சொல்வதுதான் அவருக்குக் கண் வழியாகப் போய்ச் சேர வேண்டும். அதற்குக் கூட இருப்பவர்கள் பழகிக்கொள்ள வேண்டும், பழகிக்கொண்டார்கள்.

கேட்காதவருக்கு 'சப்த சுந்தரன்' பட்டமா?

ஆமாம். குமாரன் ஆசான், உள்ளூர் பரமேஸ்வர ஐயர், வள்ளத்தோள் மூவரையும் நவீன மலையாளத்தின் மும்மூர்த்திகள் என்பார்கள். ஆசானுக்குக் கருத்தின் ஆழத்தை வைத்து 'ஆசய கம்பீரன்' என்று பெயர். சொல்லின் ஓசை அழகுக்காக வள்ளத்தோளுக்குக் கிடைத்த பெயர் 'சப்த சுந்தரன்'. மலையாளப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற பட்டம் இது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பெரியவரான பிறகு கேட்கும் திறனை இழப்பவருக்கு மொழியின் சத்தம் மூளையில் பதிந்தே இருக்கும். அம்மாவின் குரல், சந்தம், தாளம் எதுவும் அழிந்துவிடாது. 1913-ல் 'சித்ரயோகம்' காவியம், 1917-லிருந்து 'சாகித்ய மஞ்சரி' தொகுப்புகள் என்று எழுதிக் குவித்ததெல்லாம் காது போன பிறகுதான். பத்திரிகை ஆசிரியராகவும் உட்கார்ந்தார். எழுதி அனுப்புவார்கள், எழுதிப் பதில் போடுவார். யோசித்துப் பார்த்தால், காது கேட்காதவருக்குப் பொருத்தமான வேலைதான்.

அரசியல் மேடையையும் விடவில்லை. காந்தியைக் குருவாக வைத்துக் கவிதை எழுதினார். 1922-ல் வேல்ஸ் இளவரசர் பெயரில் வந்த மரியாதையை வேண்டாம் என்றார். 1927-ல் சென்னை, 1928-ல் கல்கத்தா காங்கிரஸ் மாநாடுகளுக்கும் போனார். ஆயிரக்கணக்கானோர் கூடிய பந்தலில், மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் பேச, ஒரு சொல்லும் காதில் விழாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். நம்மில் பலர் வீட்டிலேயே இருந்திருப்போம்.

கதகளிக்குள் எப்படி வந்தார்?

சேலம், நாமக்கல் பக்கம் விடிய விடிய நடக்கிற தெருக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூத்தாடியே பாடுவார், பேசுவார். கட்டியங்காரன் அடிக்கிற நையாண்டி காதில் விழாவிட்டால் பாதி ருசி போச்சு. கதகளி அப்படி இல்லை. வேஷம் கட்டியவர் வசனம் பேச மாட்டார். பின்னால் நின்று பாடகர்கள் பாடுவார்கள். அந்த வரிகளை நடிகர் கை முத்திரையாலும் கண்ணாலும் முகத்தாலும் சொல்வார். அடிப்படை முத்திரை 24. அவற்றை ஒற்றைக் கை, இரட்டைக் கை என்று சேர்த்துச் சேர்த்து ஒரு முழு மொழியாகவே பேசுவார்கள். முத்திரை தெரிந்தவருக்குப் பாட்டு கேட்காவிட்டாலும் கதை புரியும்.

கையால் பேசுவதுதான் அங்கே முறை. அந்த அரங்கத்தில் காது கேட்காத கவிஞர் யாருக்கும் குறைந்தவர் இல்லை. அவர் கதகளியைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொன்னால் அது அவரைச் சின்னதாக்கிவிடும். கேரளாவின் கலை அழிகிறதே என்ற கவலையும் அவருக்கு நிஜமாகவே இருந்தது. ஆனாலும் ஊர்க்கூட்டத்தின் நடுவில் அவரை உட்கார வைத்தது கதகளிதான்.

அன்றைக்குக் கதகளி நொடித்துப் போயிருந்தது. குழு வைத்து நடத்திய சிற்றரசர்களும் பெரிய நம்பூதிரி இல்லங்களும் கைவிடத் தொடங்கியிருந்தார்கள். நண்பர் மணக்குளம் முகுந்த ராஜாவோடு சேர்ந்து பள்ளி தொடங்கப் பணம் திரட்டக் கிளம்பினார் வள்ளத்தோள். வீடு வீடாக நன்கொடை கேட்டார்கள். அது பத்தாமல் லாட்டரிச் சீட்டும் அடித்து விற்றார்கள்! 1930-ல் கேரள கலாமண்டலம் பிறந்தது. முதலில் குன்னங்குளம் பக்கம், பிறகு அம்பலபுரம், கடைசியாகப் பாரதப்புழைக் கரையில் செறுதுருத்தி.

பணம் கேட்டுப் போவது எப்படிப்பட்ட வேலை என்று கேட்டுப் போனவர்களுக்குத் தெரியும். எதிரில் இருப்பவர் இழுக்கிறாரா, சாக்கு சொல்கிறாரா என்பது குரலில்தான் தெரியும். குரலே கேட்காத ஒருவர் அந்த வேலையை எடுத்துச் செய்தார். முகுந்த ராஜா மாதிரி ஒரு கூட்டாளி இல்லாமல் இது நடந்திருக்காது. வரலாறு கவிஞர் பெயரைத்தான் பெரிசாக எழுதுகிறது, அந்த நண்பரையும் கொஞ்சம் நினைக்கலாம்.

கலாமண்டலத்தில் என்ன நடந்தது?

பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனன், குஞ்சு குறுப்பு போன்ற பெரிய ஆசான்கள் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். கிருஷ்ணன் நாயர், ராமன்குட்டி நாயர் என்று அங்கே படித்து வந்தவர்கள் பிற்பாடு கதகளியின் முகமாகவே ஆனார்கள். அமெரிக்காவில் பிறந்த ராகிணி தேவி 1930-களில் அங்கே வந்து கற்றார். மோகினியாட்டத்துக்கும் அங்கே வகுப்பு வந்தது. செண்டையும் மத்தளமும் முழங்க, மாணவர்கள் கண்ணையும் கையையும் சுழற்றிப் பயிற்சி எடுக்க, விருந்தாளிகள் வந்து போக, அந்த இடத்தின் நடுவில் எதுவும் கேட்காத ஒருவர். குழுவைக் கூட்டிக்கொண்டு இந்தியாவின் பல ஊர்களுக்கும், கடல் கடந்தும் போய்வந்தார்.

நிதி நெருக்கடி விடவில்லை. 1941-ல் கொச்சி அரசு கலாமண்டலத்தை ஏற்றுக்கொண்டது. வள்ளத்தோள் எழுத்துக்குத் திரும்பினார். எழுபது வயதுக்குப் பக்கத்தில் ரிக் வேதம் முழுவதையும் மலையாளத்தில் மொழிபெயர்க்கும் வேலையில் இறங்கி முடித்தும் காட்டினார். 1954-ல் பத்மபூஷண். 1958 மார்ச் 13-ல் காலமானார்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால்?

வள்ளத்தோளுக்குச் சுற்றியிருந்தவர்கள் செய்ததை எந்த வீட்டிலும் செய்யலாம். முதுகுப் பக்கமிருந்து கூப்பிடாமல், வெளிச்சத்தில் முகத்துக்கு நேராக வந்து பேசுங்கள். கத்தினால் சொல் உடையும், நிதானமாகச் சொன்னால் புரியும். ஒரே நேரத்தில் நாலு பேர் பேசாதீர்கள். புரியாவிட்டால் போனில் டைப் பண்ணிக் காட்டுங்கள். "ஒண்ணுமில்லை, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

டாக்டரிடம் காட்டிப் பரிசோதனை செய்துகொள்வது தனி. தகுதி உள்ளவர்களுக்கு இலவசக் காதொலிக் கருவி கிடைக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கலாமண்டலம் இன்றைக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். சேலம், ஈரோடு வழியாகத் திருச்சூர் போகும் ரயிலில் ஷொர்ணூர் தாண்டினால் பாரதப்புழைப் பாலம் வரும். பாலம் முடிந்ததும் வருகிற சின்ன ஸ்டேஷனில் பெரும்பாலான எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்பதில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தால் பலகையைப் படிக்கலாம்: வள்ளத்தோள் நகர்.