தி. நம்பெருமாள் செட்டியார்

தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் (1856 – 1925) சென்னையில் வாழ்ந்த கட்டட ஒப்பந்ததாரரும் வணிகரும் ஆவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னையில் எழுந்த செங்கற் கட்டடங்கள் பலவற்றைக் கட்டி முடித்தவர் இவர். சென்னை நகரில் தானுந்து (மோட்டார் கார்) வாங்கிய முதல் இந்தியர் என்றும் அறியப்படுகிறார். எம்.சி. 3 என்னும் பதிவெண் கொண்ட அவ்வண்டி, தெ தியோன்-பூட்டோன் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் தயாரிப்பாகும். கணித மேதை சீனிவாச இராமானுசன் தம் இறுதி நாட்களில் தங்கியிருந்த சேத்துப்பட்டு வீடுகளும் இவருக்கு உரியவையே.

கட்டடப் பணிகள்

நம்பெருமாள் செட்டியார் தெலுங்கு பேசும் வணிகர் குலத்தைச் சேர்ந்தவர். அக்காலத்தில் அரசுக் கட்டடங்களின் வரைபடங்களை ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் வரைந்தனர். செங்கல், சுண்ணாம்பு, மரம் ஆகியவற்றைத் திரட்டி, கொத்தர்களையும் தச்சர்களையும் கொண்டு அவ்வரைபடங்களைக் கட்டடங்களாக்கும் பொறுப்பு ஒப்பந்ததாரர்களுடையது. இராபர்ட் சிசோம், ஹென்றி இர்வின் ஆகிய இரு புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களின் வடிவமைப்புகளும் இவர் மூலம் செயல்வடிவம் பெற்றன.

இவர் கட்டியவற்றுள் குறிப்பிடத்தக்கவை பின்வருவன:

* விக்டோரியா பொது மண்டபம் (1888 – 1890)
* சென்னை உயர் நீதிமன்றம் (1892ல் திறக்கப்பட்டது)
* கன்னிமாரா பொது நூலகம் (1896ல் திறக்கப்பட்டது)
* மதராஸ் வங்கிக் கட்டடம் (இன்றைய பாரத ஸ்டேட் வங்கி, இராசாசி சாலை)
* சென்னை சட்டக் கல்லூரி
* எழும்பூர் விக்டோரியா நினைவு மண்டபம் (பின்னாளில் தேசியக் கலைக்கூடம்)

இக்கட்டடங்கள் பெரும்பாலும் இந்தோ சாரசெனிக் பாணியைச் சேர்ந்தவை. இவரது பணியைப் பாராட்டி ஆங்கில அரசு திவான் பகதூர் பட்டம் வழங்கியது. இம்பீரியல் வங்கியில் இயக்குநர் பொறுப்பு வகித்த முதல் இந்தியர் என்ற பெருமையும் இவருக்கு உண்டு.

சென்னையில் தானுந்தின் வருகை

சென்னைச் சாலைகளில் முதன்முதலில் தானுந்து ஓட்டியவர் பாரி நிறுவனத்தின் இயக்குநர் ஏ. ஜே. யார்க் ஆவார். இவர் 1901ல் அடையாற்றிலிருந்த தம் இல்லமான பென்சு தோட்டத்திலிருந்து பாரிமுனைக்கு நாள்தோறும் தானுந்தில் சென்று வந்தார். பின்னர் வண்டிகளுக்குப் பதிவெண் வழங்கும் முறை ஏற்பட்டபோது, எம்.சி. 1 என்னும் எண் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிசு இசுப்பிரிங்கின் வண்டிக்குக் கிடைத்தது. நம்பெருமாள் செட்டியாரின் வண்டி எம்.சி. 3 எனப் பதிவானது.

அந்நாளில் தானுந்து என்பது நகரின் ஆங்கிலேய உயர் அலுவலர்களுக்கும் வணிக நிறுவனத் தலைவர்களுக்கும் மட்டுமே உரிய பொருளாகக் கருதப்பட்டது. அவர்களிடம் ஒப்பந்தம் பெற்றுப் பணி செய்த ஓர் இந்தியர், அதே வகை வண்டியில் அவர்களுக்கு இணையாக அதே சாலையில் சென்றது சிறிய செய்தியன்று. அவர் கட்டிய கட்டடங்கள் சில ஆளுநர், அரச குடும்பத்தார் ஆகியோரின் பெயர்களைத் தாங்கின. தானுந்தின் பதிவெண்ணோ உரிமையாளராகிய அவருக்கே உரியதாக இருந்தது.

தெ தியோன்-பூட்டோன்

இந்நிறுவனம் 1883ல் பிரான்சு நாட்டில் தோன்றியது. ஆல்பர் தெ தியோன் என்னும் பிரபுவும், ஜார்ஜ் பூட்டோன், சார்லசு திரெபார்தூ ஆகிய கைவினைஞர்களும் இதன் நிறுவனர்கள் ஆவர். முதலில் நீராவி வண்டிகளைச் செய்த இவர்கள் பின்னர் பெட்ரோல் பொறிகளுக்கு மாறினர். 1900ஆம் ஆண்டளவில் இந்நிறுவனம் உலகின் மிகப் பெரிய தானுந்துத் தயாரிப்பாளராக விளங்கியது. இதன் ஒற்றை உருளைப் பொறிகளைப் பிற நிறுவனங்களும் வாங்கித் தம் வண்டிகளில் பொருத்தின.

தானுந்துப் பந்தய வரலாற்றிலும் இந்நிறுவனத்திற்கு இடமுண்டு. 1894ல் நடைபெற்ற பாரிசு – உரூவான் போட்டியில் தெ தியோனின் நீராவி வண்டியே முதலில் எல்லையை அடைந்தது. எனினும் அதை இயக்க ஓட்டுநரோடு நெருப்பிடுபவர் ஒருவரும் தேவைப்பட்டமையால் முதற்பரிசு பிற வண்டிகளுக்குச் சென்றது. 1907ல் பீக்கிங்கிலிருந்து பாரிசு வரை நடைபெற்ற நெடும்பயணப் பந்தயத்தில் இந்நிறுவனத்தின் இரண்டு வண்டிகள் கலந்துகொண்டன. தெ தியோன் அச்சு எனப்படும் பின்சக்கர அமைப்பு, பிற்காலத்தில் விளையாட்டுத் தானுந்துகள் பலவற்றில் இடம்பெற்றது.

பராமரிப்பும் தூய்மையும்

அக்காலத் தானுந்தை வாங்குவதைவிட அதைப் பேணுவதே கடினமாக இருந்தது. பெட்ரோல் தகரங்களில் அடைத்து விற்கப்பட்டது. பொறிக்கான எண்ணெய் திரும்பவும் சுழன்று வருவதில்லை. எரிந்தும் ஒழுகியும் வீணாகும். ஆகவே பயணத்தின்போதே சிறிய கைப்பம்பால் அவ்வப்போது எண்ணெய் செலுத்தவேண்டும். மசகுக் கிண்ணங்களைத் திருகி விடுவதும் அன்றாட வேலையாகும்.

முன்விளக்குகள் பித்தளையாலானவை. அவற்றில் கால்சியம் கார்பைடின் மீது நீர் சொட்டி உண்டாகும் அசிட்டிலீன் வாயு எரிந்தது. ஒவ்வோர் இரவுப் பயணத்திற்குப் பின்னும் கலத்தில் தங்கிய சுண்ணாம்புச் சேற்றை வெளியேற்றிக் கழுவவேண்டும். சென்னை போன்ற கடற்கரை நகரில் உப்புக் காற்றால் பித்தளை விரைவில் கறுக்கும். எனவே அதை அடிக்கடி துலக்குவது இன்றியமையாததாயிற்று.

வண்டியின் உடற்பகுதி குதிரை வண்டிகளைப் போன்றே மரத்தால் செய்யப்பட்டுப் பல பூச்சு வார்னிசு ஏற்றப்பட்டது. அதன்மேல் படிந்த புழுதியை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் மிகுதியான நீரூற்றிப் புழுதியைக் கரைத்து நீக்கிய பின்னரே மெல்லிய தோலால் ஈரத்தை ஒற்றியெடுப்பர். குதிரை இலாயத்தின் அம்மோனியா வாயு வார்னிசைக் கெடுக்கும் என்பதால் வண்டிக் கொட்டகையை இலாயத்திலிருந்து பிரித்து அமைப்பதும் வழக்கமாக இருந்தது. இரப்பர்ச் சக்கரங்களில் எண்ணெய் படாமலும் வெயில் தாக்காமலும் காக்கவேண்டியிருந்தது.

சிந்தாதிரிப்பேட்டையும் வண்டித் தொழிலும்

சென்னையின் தானுந்துத் தொழில் குதிரை வண்டித் தொழிலிலிருந்தே கிளைத்தது. அதன் மையம் மவுண்ட் ரோடு (இன்றைய அண்ணா சாலை) ஆகும். இச்சாலைக்கும் கூவம் ஆற்றின் வளைவுக்கும் இடையே அமைந்த சிந்தாதிரிப்பேட்டை, 1734ல் நெசவாளர்களுக்காக ஏற்படுத்தப்பட்ட குடியிருப்பாகும். இதனை ஒட்டி அமைந்த சிம்சன் நிறுவனம் 1840ல் தொடங்கப்பட்டுக் குதிரை வண்டிகள் செய்வதில் புகழ்பெற்றது. அந்நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் 1903ல் நீராவித் தானுந்து ஒன்றை உருவாக்கினார். இது இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நீராவித் தானுந்து எனக் கூறப்படுகிறது. மரவேலையும் வார்னிசுப் பூச்சும் அறிந்த வண்டித் தொழிலாளர்களின் திறன் புதிய வண்டிகளுக்கும் பயன்பட்டது. பிற்காலத்தில் கூவத்தின் மறுகரையிலுள்ள புதுப்பேட்டை, பழைய தானுந்துகளின் உதிரிப்பாகங்களுக்குப் பெயர் பெற்றது.

வண்டிப் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் பிரித்தானிய இந்தியா முழுமைக்கும் ஒழுங்குபடுத்திய இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 1914ல் இயற்றப்பட்டது.

இராமானுசனுடன் தொடர்பு

எம்.சி. 1, எம்.சி. 3 ஆகிய இரு வண்டிகளின் உரிமையாளர்களும் இராமானுசனின் வாழ்வில் இடம்பெற்றவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 1912ல் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்த இராமானுசனின் திறமையை உணர்ந்து, அவர் ஆய்வு தொடர இசுப்பிரிங் துணை நின்றார். 1919ல் நோயுற்று இங்கிலாந்திலிருந்து திரும்பிய இராமானுசன், பின்னர் சேத்துப்பட்டில் நம்பெருமாள் செட்டியாருக்குச் சொந்தமான கிரைனண்ட், கோமேத்ரா ஆகிய வீடுகளில் தங்கினார். 1920 ஏப்ரல் 26 அன்று கோமேத்ராவில் காலமானார்.

மறைவும் நினைவும்

நம்பெருமாள் செட்டியார் 1925ல் மறைந்தார். சேத்துப்பட்டு என்னும் பெயரே இவரால் ஏற்பட்டது என்னும் வழக்கும் உண்டு. சென்னையின் முதல் தானுந்துகளைப் பற்றிய கட்டுரைகளில் இவர் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. எனினும் நாள்தோறும் துலக்கிப் பேணவேண்டியிருந்த வண்டியைக் காட்டிலும், ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கும் கட்டடங்களே இவரது நிலைத்த அடையாளமாக விளங்குகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* சென்னை உயர் நீதிமன்றம்
* ஹென்றி இர்வின்
* பிரான்சிசு இசுப்பிரிங்
* சிந்தாதிரிப்பேட்டை
* சேத்துப்பட்டு