ஃபேனி ஃபார்மர்

ஃபேனி மெரிட் ஃபார்மர் (மார்ச் 23, 1857 – ஜனவரி 15, 1915) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சமையற்கலை ஆசிரியரும் நூலாசிரியரும் ஆவார். 1896ஆம் ஆண்டு வெளியான இவரது பாஸ்டன் சமையற் பள்ளிச் சமையல் நூல், கோப்பையையும் கரண்டியையும் விளிம்பு மட்டத்திற்கு நிரப்பி அளக்கும் வழக்கத்தை அந்நாட்டு வீடுகளில் பரவச் செய்தது. இதனால் இவர் மட்ட அளவுகளின் தாய் எனவும் அழைக்கப்படுகிறார்.

வாழ்க்கை

பாஸ்டனில் பிறந்த இவர், அருகிலுள்ள மெட்ஃபோர்டில் வளர்ந்தார். தந்தை அச்சுத் தொழிலில் இருந்தவர். பெண் கல்வியில் நாட்டம் கொண்ட குடும்பம் மூத்த மகளான இவரைக் கல்லூரிக்கு அனுப்ப எண்ணியிருந்தது. ஆனால் 16ஆம் வயதில் பக்கவாதம் தாக்கியதால் படிப்பு நின்றது. பல ஆண்டுகள் நடக்க இயலாமல் வீட்டிலேயே இருந்தார். ஓரளவு தேறிய பின் வீட்டுச் சமையலை ஏற்றுக்கொண்டார். வீடும் கட்டண விடுதியாக மாறியது. கால் ஊனம் இறுதி வரை நீங்கவில்லை.

ஏறத்தாழ 30 வயதில் பாஸ்டன் சமையற் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். 1889இல் பயிற்சியை முடித்து அங்கேயே துணைப் பொறுப்பில் அமர்ந்தார். 1891இல் பள்ளியின் தலைவரானார்.

அளவு முறை

அக்காலச் செய்முறைகளில் முட்டையளவு வெண்ணெய், ஒரு தேநீர்க் கோப்பை சர்க்கரை என்பன போன்ற குறிப்புகள் மிகுந்திருந்தன. ஒரு வீட்டுத் தேநீர்க் கோப்பை மற்றொரு வீட்டினதைப் போன்றதன்று. குழம்பில் உப்புக் குறைந்தால் சுவைத்துப் பார்த்துச் சேர்க்கலாம். கேக் கலவையோ அடுப்பிற்குள் சென்றபின் திருத்த வழியில்லை. எனவே முன்பின் அறியாத ஒருவர் எழுதிய செய்முறையை நம்பி கேக் செய்வோருக்கு அளவே முதன்மையானது.

மாவைச் சலித்தபின் அளக்க வேண்டும், கோப்பையைக் குலுக்கக் கூடாது, மேலே நிற்பதைக் கத்தியால் வழித்துவிட வேண்டும் என்பன இவர் வகுத்த விதிகள். வெண்ணெயை இடைவெளியின்றி அழுத்தி நிரப்ப வேண்டும். அரைக் கரண்டி தேவையெனில் மட்டமாக நிரப்பிய கரண்டியை நீளவாக்கில் பிரிக்க வேண்டும். கால் கரண்டிக்கு அந்தப் பாதியைக் குறுக்கே பிரிக்க வேண்டும். ஒரு கோப்பை என்பது அரை பைண்ட், அதாவது ஏறத்தாழ 237 மில்லிலிட்டர். 16 மேசைக்கரண்டி கொண்டது. ஒரு மேசைக்கரண்டி 3 தேக்கரண்டிக்குச் சமம்.

இம்முறை முழுவதும் இவரது கண்டுபிடிப்பு அன்று. அளவுக் கோப்பைகள் முன்பே விற்பனையில் இருந்தன. இவருக்கு முன் அப்பள்ளியில் கற்பித்த மேரி லிங்கனும் தமது நூலில் அளவு அட்டவணை தந்திருந்தார். அதை ஐயத்திற்கு இடமில்லாத விதியாக்கி, நூல் முழுவதும் கடைப்பிடித்ததே ஃபார்மரின் பங்களிப்பாகும். எனினும் எடை பார்ப்பதே இதைவிடத் துல்லியமானது. சலித்த மாவும் அமுக்கிய மாவும் ஒரே கோப்பையில் வெவ்வேறு எடை காட்டும்.

கேக் செய்முறைகள்

நூலில் கேக்குகள் வெண்ணெய் சேர்ப்பவை, சேர்க்காதவை என இரண்டாகப் பகுக்கப்பட்டுள்ளன. பஞ்சு போன்ற ஸ்பாஞ்ச் கேக் இரண்டாம் வகை. முட்டையை அடிக்கும்போது சேரும் காற்றே அதை எழும்பச் செய்கிறது. ஆகவே மாவைச் சேர்த்தபின் வேகமாகக் கலக்கினால் காற்று வெளியேறி கேக் அமுங்கிவிடும்.

வேகும் நேரத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் கவனிக்குமாறு இவர் கூறுகிறார். முதற் பகுதியில் கலவை எழும்பத் தொடங்க வேண்டும். இரண்டாவதில் தொடர்ந்து எழும்பிச் சிவக்கத் தொடங்கும். மூன்றாவதில் நன்கு சிவக்கும். நான்காவதில் வெந்து முடிந்து தட்டின் ஓரத்தை விட்டு விலகும். வெப்பக் கட்டுப்பாடு கொண்ட இக்கால அடுப்புகளுக்கும் இது பொருந்தும். அன்றைய அடுப்பிற்கு ஏற்ற வெப்பமானி இல்லையென்றும் அனுபவமே நம்பத்தக்க ஆசான் என்றும் நூல் ஒப்புக்கொள்கிறது. மாவைக் கத்தியால் வழித்து அளக்கச் சொன்னவர், வெப்பத்தை அளக்க வழியின்றிக் கைப்பழக்கத்திடமே விட நேர்ந்தது.

1896 பதிப்பின் பிரவுனியில் சாக்லேட் கிடையாது. வெல்லப்பாகு சேர்த்துச் சிறு அச்சுகளில் சுட்டனர். சாக்லேட் பிரவுனி 1906 பதிப்பில் இடம்பெற்றது.

வெளியீடும் பிற்காலமும்

நூல் விலைபோகுமா என ஐயுற்ற லிட்டில் பிரவுன் பதிப்பகம், ஃபார்மரின் செலவிலேயே 3,000 படிகளை அச்சிட்டது. விற்பனை பெருகியபோது ஆதாயம் அவருக்கே கிடைத்தது.

1902இல் சொந்தப் பள்ளியைத் தொடங்கினார். நோயாளிகளுக்கான உணவு பற்றிய நூலை 1904இல் வெளியிட்டார்; ஹார்வர்டு மருத்துவப் பள்ளியிலும் உரையாற்றினார். இறுதி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே கற்பித்தார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு வரை சொற்பொழிவாற்றியுள்ளார்.

இவர் மறைவுக்குப் பின் சமையல் நூலை உறவினர்களும், 1979இல் மரியன் கன்னிங்ஹாமும் திருத்தி வெளியிட்டனர். 1919இல் ரோச்செஸ்டர் நகரில் தொடங்கப்பட்ட மிட்டாய்க் கடைகள் எழுத்துக்கூட்டலைச் சற்றே மாற்றி இவரது பெயரைச் சூட்டிக்கொண்டன. அவற்றுடன் இவருக்கு எத்தொடர்பும் இல்லை.