துன் வீ. தி. சம்பந்தன்

1919ஆம் ஆண்டு சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1955இல் தொழில் அமைச்சரானார். சம்பள நாளையும் வேலைநீக்க முன்னறிவிப்பையும் வரையறுக்கும் வேலைச் சட்டம் அவ்வாண்டினதே. ஆயினும், தோட்டத்தையே துண்டாடி விற்ற முதலாளிகளைத் தடுக்க அச்சட்டத்தில் வழியில்லை. வேலை போயிற்று, வேலையோடு வீடும் போயிற்று. விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கட்டும் எனத் துணிந்தார் அன்னார். தோட்டந்தோறும் சென்று, மாதம் பத்து வெள்ளி சேமித்துப் பங்கு வாங்குமாறு பாட்டாளிகளை வேண்டினார். அந்நாளைய கூலியில் அது சிறு தொகையன்று என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் உடைமையாயிற்று. 1979இல் அன்னார் மறைந்தபோது, பால்மரம் சீவியவர்கள் பல தோட்டங்களுக்குப் பங்குதாரர்களாய் இருந்தனர்.