அம்பேத்கர் யாருக்காக எழுதினார்?

அறிஞர்களுக்கா, மக்களுக்கா என்ற கேள்வியில் அம்பேத்கர் எத்தரப்பையும் கைவிடவில்லை. 1920 சனவரி 31இல் மராத்தியில் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு லண்டன் சென்று, ரூபாயின் சிக்கல் குறித்து ஆங்கிலத்தில் ஆய்வு செய்தார். 1923இல் அது நூலாயிற்று. 1927 மார்ச்சில் மகாட் குளத்து நீருக்கான போராட்டம் நடந்தது. ஏப்ரலில் ‘பகிஷ்கிருத் பாரத்’ வழியே மீண்டும் மராத்தியில் பேசினார்.

1936இல் சாதி இந்துச் சீர்திருத்தவாதிகளின் லாகூர் மாநாட்டுக்கென ஆங்கிலத்தில் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையை, மாநாடு கைவிடப்பட்டதும் தம் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டுக்குள் அது தமிழிலும் வந்தது.

அதிகாரத்தை எதிர்கொள்ள ஆங்கிலம். ஒடுக்கப்பட்டோர் அணிதிரள மராத்தி. நம் வாதங்கள் நீதிமன்ற மனுக்களோடு நின்று, பாதிக்கப்பட்டவரைச் சென்றடையாவிடில், வழக்கில் வென்றாலும் பணி பாதியே.