நோய்ப்படுக்கையில் ஒரு திருப்பணி
(ஏமி கார்மைக்கேல் அம்மையார் வாழ்க்கை)

நெடுநாள் நோயாளியரை நாம் இருவகையாகப் புண்படுத்துகிறோம். இனி இவரால் ஆவதொன்றுமில்லை என்று ஒதுக்குவது ஒன்று. விசுவாசக் குறைவால்தான் நோய் தீரவில்லை என்று பழிப்பது மற்றொன்று. இரண்டும் பிழை என்பதைத் தம் வாழ்வால் காட்டியவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

வட அயர்லாந்தின் கடலோரச் சிற்றூராகிய மில்லைலில் 1867 டிசம்பர் 16ஆம் நாள் அம்மையார் பிறந்தார். பிள்ளைகள் எழுவரில் மூத்தவர். இளமையிலேயே பெல்ஃபாஸ்ட் நகரத்து ஆலைப் பெண்களிடையே தொண்டு செய்தார். தொப்பி வாங்க வழியின்றிச் சால்வையால் தலையை மூடிவந்த அவ்வேழைகள் ஆலயத்தில் அமர்வதைச் செல்வர் சிலர் விரும்பவில்லை. அம்மையாரோ அவர்களுக்கெனவே ஒரு கூடம் எழுப்பினார். ஒதுக்கப்படுதலின் வலியை அறிந்த நமக்கு இச்செய்தியை விளக்க வேண்டுவதில்லை.

அந்நாளிலேயே நரம்புவலி அவரைப் பற்றிக்கொண்டது. அது தாக்கினால் பல நாள் படுக்கையே கதி. மிஷனரியாகச் சீனா செல்ல முயன்றபோது, உடல்நலக் குறைவைக் காட்டி மறுத்துவிட்டனர். 1893இல் ஜப்பான் சென்றார். நோய் அங்கும் அவரை நிலைக்க விடவில்லை. 1895இல் இந்தியா வந்து, பின்னர்த் திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். அதன்பின் தாயகம் திரும்பவேயில்லை.

1901இல், கோயிலுக்கு ஒப்படைக்கப்பட்டிருந்த சிறுமி ஒருத்தி தப்பியோடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளைத் தொடர்ந்து பலர் வந்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து டோனாவூரில் எழுந்த இல்லத்தில் 1913இல் 130 சிறுமியர் இருந்தனர். 1918இல் சிறுவர்க்கும் இல்லம் தொடங்கிற்று. பிறப்பை வைத்துப் பிரிக்காமல், யாவரையும் ஒரே குடும்பமாக அம்மையார் வளர்த்தார்.

1931 அக்டோபர் 24ஆம் நாள் களக்காட்டில், மருத்துவப் பணிக்கென எடுத்திருந்த வீட்டைப் பார்வையிடச் சென்றவர், இருட்டில் அங்கே தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. முறிவு ஆறியும் அவர் நலமடையவில்லை. மூட்டுவாதமும் முதுகு வலியும் சேர்ந்து வருத்த, ஓடியாடிப் பணிசெய்தவர் ஓர் அறைக்குள் அடங்கினார். உடனிருந்தோர் சுகம் வேண்டி மன்றாடினர். அவர்கள் வேண்டிய சுகம் வரவில்லை. அதனைத் தெய்வத் தண்டனையென்று அவர் கொள்ளவில்லை. மருத்துவத்தை வெறுக்கவும் இல்லை. மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுக்கொண்டே செபித்தார். தம் வேதனையைக் கிறிஸ்து அறிவார் என்னும் நம்பிக்கையே அவருக்குத் துணையாயிற்று.

நலமுடன் இருப்போர் நோயாளியர்க்கு எழுதிய ஆறுதல் நூல்கள் அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஆகவே, நோயாளி ஒருவரே பிற நோயாளியர்க்கு எழுதும் கடிதங்களாகத் தாமே எழுதினார். 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்' என்ற பெயரில் அவை 1933இல் நூலாயின. உறக்கமற்ற இரவுகளையும், பொறுமை இழக்கும் வேளைகளையும் அவற்றில் அவர் மறைக்கவில்லை. மேலும் பல நூல்கள் அவ்வறையிலிருந்தே பிறந்தன. டோனாவூர்ப் பணிக்கு அங்கிருந்தே வழிகாட்டினார். பிள்ளைகள் அங்கேயே அவரைக் கண்டு சென்றனர். 1948இல் அறையிலேயே மீண்டும் விழுந்தபின், படுக்கையைவிட்டு எழ இயலாதவரானார். 1951 சனவரி 18ஆம் நாள், தம் 83ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். கல்லறையில் கல் வேண்டாமென்பது அவர் விருப்பம். பிள்ளைகளோ அங்கே பறவைகளுக்கு ஒரு நீர்த்தொட்டி அமைத்து, அன்னையைக் குறிக்கும் ஒரே சொல்லை அதில் பொறித்தனர்.

இளைஞர்களே! நம் தெருக்களிலும் எழ இயலாமல் கிடப்போர் உளர். அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பழிச்சொல் கூறாது அருகில் அமருங்கள். படித்தவராயின் நம் சிறுவர்க்குப் பாடஞ்சொல்ல அவர்களையே வேண்டுங்கள். முதியவராயின் அவர்தம் அனுபவங்களைக் கேட்டு எழுதிவையுங்கள். அவர்களால் ஆகும் பணி இன்னும் உண்டு. அதனைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.