படம் பார்த்து ஓட்டு!
முதல் தேர்தலை நடத்திய சுகுமார் சென்

எழுதப் படிக்கத் தெரியாதவர், பத்து வேட்பாளர்களில் தமக்குப் பிடித்தவரை எப்படிக் கண்டுபிடிப்பார்?

சுதந்திர இந்தியா தன் முதல் தேர்தலுக்குத் தயாரானபோது எழுந்த கேள்வி இது. விடை காண வேண்டிய பொறுப்பு சுகுமார் சென் தலையில் விழுந்தது.

சென், வங்காளத்துக்காரர். லண்டன் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் தங்கப்பதக்கம் பெற்றவர். 1921ல் ஐ.சி.எஸ். பதவியில் சேர்ந்தார். மேற்கு வங்காளத்தின் தலைமைச் செயலாளராக இருந்தார். 1950 மார்ச்சில் நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர் ஆனார்.

17 கோடிப் பேர்!

ஓட்டுரிமை பெற்றவர்கள் 17 கோடிப் பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பெயரை அச்சடித்து நீட்டினால் என்ன பயன்?

எனவே எழுத்துக்குப் பக்கத்துணையாகப் படம் வந்தது. பூட்டிய காளைகள், கதிர் அரிவாள், மரம், குடிசை, விளக்கு ஆகியவை சின்னங்கள் ஆயின. எல்லாம் வீட்டிலும் வயலிலும் தினமும் பார்க்கும் பொருள்கள். ஒன்றைப் போல் மற்றொன்று இராது. பசு, கோவில் போல மத உணர்ச்சியைத் தூண்டும் படங்கள் சேர்க்கப்படவில்லை.

ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி. அதன்மேல் அவருடைய சின்னம். மறைவான இடத்தில் நின்று, விரும்பிய படமுள்ள பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். பேனாவைத் தொடவே வேண்டாம்!

பண்ணைப்புரத்தில்...

சென்னை ராஜ்யத்தில் 1952 ஜனவரியில் ஓட்டுப்பதிவு நடந்தது. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரம் போன்ற கம்பம் பள்ளத்தாக்குக் கிராமங்களில், ஏர் ஓட்டும் கைக்கும் மிராசுதார் கைக்கும் ஒரே எடையுள்ள சீட்டு கிடைத்தது.

சின்னங்கள் சுவருக்கும் மேடைக்கும் ஏறின. பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் பின்னாளில் ஊர் ஊராகப் பாடியது, கதிர் அரிவாளைச் சின்னமாகக் கொண்ட கம்யூனிஸ்டு கட்சிக்காக.

பெயர் சொல்லாத பெண்கள்

ஆனால் படத்தால் தீராத சிக்கல் ஒன்று இருந்தது. வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே பதிந்தார்கள். சென் அதை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கடுமையான முடிவுதான். ஓட்டுப் போடுபவர் தம் பெயரால் நிற்க வேண்டும் என்பதில் அவர் அசையவில்லை. 1957 தேர்தலுக்குள் பெரும்பாலான பெண்கள் பட்டியலில் இடம் பெற்றார்கள்.

கடல் கடந்த புகழ்

1953ல் சூடான் நாட்டின் முதல் தேர்தலையும் சென் மேற்பார்வையிட்டார். 1954ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1958 டிசம்பரில் பதவியை விட்டு விலகினார். பிறகு பர்துவான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார்.

தனித்தனிப் பெட்டிகள் போயின. 1962 பொதுத்தேர்தலில் ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களும் அச்சாகி, முத்திரை குத்தும் முறை வந்தது. இன்று மின்னணு இயந்திரம் வந்துவிட்டது. அதிலும் பெயருக்குப் பக்கத்தில் சின்னம், சின்னத்துக்குப் பக்கத்தில் பொத்தான்!

கைப்பேசித் திரையில் தொலைபேசிப் படத்தையும் கடிதப் படத்தையும் பார்த்து விரல் வைக்கிறோமே, அதே உபாயம்தான் இதுவும். படிக்கத் தெரியாதது குற்றமல்ல. படிக்காதவருக்கும் வழி காட்டாத ஏற்பாடே குறையுள்ளது. சென் நடத்திய தேர்தல் அதை நாட்டுக்கு உணர்த்தியது.