காக்கையைப் பாடிய நச்செள்ளையார்

மதிய வேளையில் நம் தோட்டப்புறத்து வீடுகளில் இன்றும் ஒரு காட்சியைக் காணலாம். சமைத்து முடித்த அம்மாவோ பாட்டியோ ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். கா, கா என்று குரல் கொடுப்பார். காக்கை வந்து கொத்திய பிறகுதான் வீட்டில் உள்ளவர்களுக்குச் சோறு. அந்தக் காக்கை வேறொரு நேரத்தில் வேலியில் அமர்ந்து விடாமல் கரைந்தால், விருந்தாளி வரப் போகிறார் என்று கூடுதலாக ஒரு டின் அரிசியை உலையில் போடுவதும் உண்டு. ஜொகூரில் பால்மரக் காட்டு லயன் வீட்டில் வாழ்ந்த என் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் காக்கை கரைந்தால் ஆள் வரும் என்பதில் அவருக்குத் துளியும் ஐயம் இருந்ததில்லை. அவர் சங்க இலக்கியம் படித்ததில்லை. இருந்தும், ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்பாற் புலவர் பாடிய பாட்டின் பொருளை அவர் ஒவ்வொரு நாளும் வாசலில் நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் புலவரின் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறேன். அவர் பெயர் காக்கைபாடினியார் நச்செள்ளையார்.

வாழ்க்கை வரலாறு என்றதும் பிறந்த ஊர், பெற்றோர், கல்வி, மறைவு என்று வரிசையாக எதிர்பார்ப்போம். சங்கப் புலவர்களுக்கு அப்படி எழுத முடியாது. நமக்குக் கிடைத்திருப்பவை அவர் பாடிய பன்னிரண்டு பாடல்கள், அவற்றின் அடியிலே ஏட்டில் எழுதப்பட்ட சில குறிப்புகள், பதிற்றுப்பத்தின் ஒரு பதிகம், அவ்வளவே. குறுந்தொகையில் ஒன்று (210), புறநானூற்றில் ஒன்று (278), பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தில் பத்து. அந்தப் பன்னிரண்டு சன்னல்கள் வழியாகத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

முதலில் பெயர். செள்ளை என்பது அக்காலப் பெண்பாற் பெயர். முன்னால் உள்ள 'ந' சிறப்புப் பொருள் தரும் அடை. நக்கீரர், நப்பசலையார் என்று வருவதைப் போல. ஆக, அவருடைய சொந்தப் பெயர் செள்ளை. காக்கைபாடினியார் என்பது பாட்டால் வந்த பட்டம். குறுந்தொகையில் தம் சொந்தப் பெயரையே இழந்து, தாம் எழுதிய தொடராலேயே அறியப்படும் புலவர்கள் சிலர் உண்டு. செம்புலப்பெயனீரார் அப்படி ஒருவர், அணிலாடு முன்றிலார் இன்னொருவர். இவர்களுடைய இயற்பெயர் என்ன என்று இன்று யாருக்கும் தெரியாது. நச்செள்ளையாருக்கும் அந்தக் கதி நேர்ந்திருக்கலாம். காக்கை அவர் பெயரை முழுவதும் விழுங்கிவிடாமல் பாதியை விட்டு வைத்தது நம் நற்பேறு.

அந்தக் காக்கைப் பாட்டு முல்லைத் திணையைச் சேர்ந்தது. பொருள் தேடப் பிரிந்து சென்ற தலைவன் நெடுநாள் கழித்துத் திரும்பி வருகிறான். தலைவி உயிரோடும் உடலோடும் இருக்கிறாள். அதைக் கண்டு மகிழ்ந்த அவன், நான் இல்லாத காலத்தில் இவளை நன்றாக ஆற்றியிருந்தாய் என்று தோழிக்கு நன்றி சொல்கிறான். தோழி அந்த நன்றியை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆற்றியது நான் இல்லை, நீ வருவாய் என்று வாசலில் கரைந்து சொன்ன காக்கைதான் என்கிறாள். அந்தக் காக்கைக்கு என்ன கைம்மாறு செய்வது? நள்ளி என்ற வள்ளலின் காட்டில் ஆயர்கள் மேய்க்கும் பல பசுக்களின் நெய்யை ஊற்றி, தொண்டியில் விளைந்த வெண்ணெல் சோற்றை ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும், அது அந்தக் காக்கைக்குச் சிறிய பலிதான் என்று முடிக்கிறாள்.

இந்தப் பாட்டை மேல்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, இது தோழியின் தன்னடக்கம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது படிக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. தலைவனுக்கு அது ஒரு மெல்லிய குத்தல். நீ தகவல் ஒன்றும் அனுப்பவில்லை, ஒரு பறவைதான் உன் பொருட்டு எங்களுக்குச் சொன்னது என்று அவள் சொல்லாமல் சொல்லிவிடுகிறாள். பிரிந்தவன் பேசாத இடத்தில் காக்கை பேசியது. தோள் நெகிழும் அளவுக்குத் துன்பப்பட்டவளை நாள்தோறும் பிழைக்க வைத்தது அந்தக் கரகரத்த குரல்தான். தலைவி தமக்காகக் காத்திருந்ததை மட்டும் எண்ணி மகிழும் ஆண்கள் இந்தப் பாட்டை இன்னொரு முறை படிக்கலாம்.

பெண்ணும் காக்கையும் பேசிக்கொள்வது நச்செள்ளையார் மட்டும் கண்டதன்று. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாட்டு ஒன்றில், காதலனோடு சென்றுவிட்ட மகளுக்காக ஒரு தாய் காக்கையை அழைக்கிறாள். என் மகள் திரும்பி வரக் கரைந்து சொல், உனக்குப் பொற்கலத்தில் ஊன் கலந்த உணவு தருவேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். அவள் வரப்போவதற்கு விலை பேசுகிறாள். நச்செள்ளையாரின் தோழியோ வந்ததற்கு நன்றிக்கடன் செலுத்துகிறாள். இந்த வேறுபாடுதான் காக்கைபாடினி என்ற பட்டத்தை இவருக்கு உரியதாக்கியது என்று நினைக்கிறேன்.

அவர் எந்த ஊரினர்? நேரான சான்று இல்லை. ஆனால் பாட்டில் ஒரு தடயம் இருக்கிறது. நல்ல அரிசிக்கு எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் வாயில் தொண்டி வருகிறது. தொண்டி சேரநாட்டு மேலைக் கடற்கரைத் துறைமுகம். கிரேக்க மாலுமிகள் திண்டிஸ் என்று எழுதி வைத்தது அதைத்தான். நள்ளியின் காடும் மேற்கு மலைப் பக்கத்தைச் சேர்ந்தது. நம் வீட்டில் பாட்டிமார் நல்ல அரிசி என்றால் இன்ன ஊர் அரிசி என்பார்களே, அதுபோலத் தொண்டி அரிசி அவருக்குப் பழக்கமான அரிசியாக இருந்திருக்க வேண்டும். சேரநாட்டோடு அவருக்கிருந்த தொடர்பை ஆறாம் பத்து மேலும் உறுதிப்படுத்துகிறது.

பதிற்றுப்பத்து சேர மன்னர்களைப் பற்றியது. பத்துப் பத்துகளில் முதலும் இறுதியும் கிடைக்கவில்லை. எஞ்சியுள்ள எட்டுப் பத்துகளைப் பாடிய எண்மரில் பரணர், கபிலர் போன்ற பெரும் புலவர்கள் இருக்கிறார்கள். பெண் ஒருவர்தான், அவர் நச்செள்ளையார். சங்க காலத்தில் பெண்பாற் புலவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் என்று பலர் கணக்கிடுவர். ஆனால் ஒரு மன்னன் மீது முழுப் பத்துப் பாடி, அது தொகை நூலில் நிலைபெற்ற பேறு இவருக்கு வாய்த்தது.

அவர் பாடிய மன்னன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன். நெடுஞ்சேரலாதனின் மகன், செங்குட்டுவனின் உடன்பிறந்தான் முறையினன். தண்டாரணியத்தில் கவரப்பட்ட வருடை ஆடுகளை மீட்டுத் தொண்டிக்குக் கொண்டு வந்தான் என்று பதிகம் சொல்கிறது. மறுபடியும் தொண்டி! முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆட்சியில் வீற்றிருந்தான் என்பதும் பதிகத்தின் செய்தியே. பதிகங்கள் பாடல்களுக்குப் பிற்பட்டவை என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆகவே அவற்றைக் கல்வெட்டைப் போல எடுத்துக்கொள்ளாமல், பழைய மரபுச் செய்தியாகக் கொள்வது நலம்.

மன்னனைப் பாடுவது என்றால் புகழ்மாலைதானே என்று நாம் நினைப்போம். ஆறாம் பத்தில் புகழ் உண்டு, போர் உண்டு, யானைகள் உண்டு. நாளை எதிரியின் மதிலைக் கடந்தாலன்றி உண்ணமாட்டோம் என்று வஞ்சினம் கூறும் வீரர்கள் உண்டு. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 'சிறுசெங்குவளை' என்ற பெயருடைய 52ஆம் பாட்டு. மன்னன் வேறு பெண்களோடு கைகோத்துத் துணங்கைக் கூத்து ஆடிவிட்டு வருகிறான். அரசிக்குக் கோபம். கையிலிருந்த சிறிய செங்குவளைப் பூவை அவன்மேல் எறிய ஓங்குகிறாள். உடல் நடுங்குகிறது. மன்னன் இரு கைகளையும் ஏந்தி, அந்தப் பூவை எனக்குத் தா என்று கெஞ்சுகிறான். நீ எங்களுக்கு என்ன உறவு என்று கேட்டுவிட்டு அவள் நகர்ந்து விடுகிறாள். இதைப் பார்த்த புலவர், ஒரு பெண்ணின் கையிலுள்ள பூவை வாங்க முடியாத நீ பகைவரின் கோட்டைகளை எப்படித்தான் வாங்கினாய் என்று அரசனையே கேலி செய்கிறார்.

பரணரோ கபிலரோ இதைப் பாடியிருக்க முடியாது என்று சொல்லமாட்டேன். ஆயினும் அந்தக் காட்சியில் அரசனை விட அரசியின் நடுக்கமும் கோபமும் நெருக்கமாகத் தெரிகின்றன. அந்தப்புரத்தின் உள்ளே நின்று பார்த்த கண் அது.

இந்தப் பத்துக்கு அவர் பெற்ற பரிசில் பெரிது. அணிகலன் செய்து அணிந்துகொள்ள ஒன்பது கா பொன்னும், நூறாயிரம் காணமும் கொடுத்தானாம் மன்னன். கா என்பது பழைய நிறுத்தலளவை. அதோடு அவரைத் தன் பக்கத்திலேயே இருத்திக் கொண்டான் என்றும் பதிகம் சொல்கிறது. இந்த ஒரு வரிதான் பிற்காலத்தில் அவர் வாழ்க்கையில் பெரிய சர்ச்சையை உண்டாக்கியது. மன்னன் அவரை மனைவியாக ஏற்றான் என்று சிலர் பொருள் கொண்டனர். அவைக்களப் புலவராக அருகில் வைத்துச் சிறப்பித்தான் என்று வேறு சிலர் கூறினர்.

எனக்கு இரண்டாவது கருத்தே ஏற்புடையது. இங்கே ஒன்றைக் கேட்க வேண்டும். வேறு பத்துகளில் ஆண் புலவர்களுக்குப் பொன்னும் ஊரும் நாடும் கொடுக்கப்பட்டன. ஒரு புலவருக்கு அரசு கட்டிலே தரப்பட்டதாகவும் மரபு உண்டு. அங்கெல்லாம் கொடை கொடையாகவே படிக்கப்படுகிறது. பெண் புலவருக்கு மன்னன் அருகில் இடம் கிடைத்தால் மட்டும் அது திருமணமாகத்தான் இருக்க வேண்டுமா? அணிகலன், பக்கத்தில் இருத்தல் என்ற சொற்கள் அப்படி எண்ணத் தூண்டுகின்றன என்பது உண்மை. ஆனால் அரசனை அரசியின் முன்னால் கேலி செய்யத் துணிந்த குரல், இருவருக்கும் நடுவில் நின்று உரிமையோடு பேசும் புலமைக்குரிய குரலாகவே எனக்குக் கேட்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. காக்கைபாடினியம் என்ற யாப்பிலக்கண நூல் ஒன்று பழங்காலத்தில் இருந்தது. அதன் சூத்திரங்கள் பழைய உரைகளில் மேற்கோளாகச் சிதறிக் கிடக்கின்றன. அந்த ஆசிரியரும் நச்செள்ளையாரும் ஒருவரே என்று கருதுவோர் உளர். நூலின் காலமும் நடையும் பிற்பட்டவை என்பதால் இருவரும் வேறானவர் என்பதே பெரும்பாலோர் முடிவு.

இனி புறநானூற்றுப் பாட்டு. உடல் வற்றி நரம்பு எழுந்து நிற்கும் ஒரு முதிய தாய். உன் மகன் போர்க்களத்தில் புறமுதுகு காட்டினான் என்று பலரும் வந்து சொல்கிறார்கள். அது உண்மையானால் அவன் பால் குடித்த மார்பை அறுத்து எறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். சிவந்த களத்தில் பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். வெட்டுண்டு சிதைந்து கிடக்கும் மகனைக் காண்கிறாள். அவனைப் பெற்ற நாளில் மகிழ்ந்ததை விடவும் அதிகமாக மகிழ்கிறாள்.

வீரத்தாய் என்று மேடைகளில் முழங்குவதற்குப் பெரிதும் பயன்படும் பாட்டு இது. எனக்கோ படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது. மகிழ்ந்தாள் என்பதோடு புலவர் நிறுத்திக்கொள்கிறார். அடுத்த கணம் என்ன ஆனது என்று சொல்லவில்லை. உலக இலக்கியங்களில் போர்க்களம் என்றாலே கரும்பறவைகள் வந்துவிடும். வடஐரோப்பியப் புராணத்தில் ஓடின் என்ற தெய்வத்தின் தோளில் இரண்டு அண்டங்காக்கைகள் அமர்ந்திருக்கும். போரும் பிணமும் அவற்றோடு சேர்த்தே பேசப்படும். அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போ 1845இல் வெளியிட்ட புகழ்பெற்ற கவிதையிலும், இறந்த காதலி இனித் திரும்பமாட்டாள் என்ற செய்தியோடுதான் அண்டங்காக்கை வருகிறது. நம் நச்செள்ளையார் பிணங்கள் நிறைந்த களத்தைப் பாடியபோது அங்கே ஒரு காக்கையைக்கூட இறங்க விடவில்லை. அந்தத் தாய் மட்டும்தான் அங்கே தேடுகிறாள். அவருடைய காக்கை வீட்டு வாசலுக்கு உரியது; வருபவரைச் சொல்லும் பறவை. இரண்டு பாட்டுகளிலும் பெண்கள் ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருவன் வந்தான். மற்றவனைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

நச்செள்ளையார் எப்போது, எங்கே மறைந்தார் என்பதற்குக் குறிப்பே இல்லை. அவர் பாடல்கள் ஏட்டுச் சுவடிகளில் பல நூற்றாண்டுகள் கிடந்தன. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் 1904இல் பதிற்றுப்பத்தையும் அச்சேற்றினார். குறுந்தொகை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் முயற்சியால் முதலில் அச்சு கண்டது, 1937இல் உ.வே.சா.வின் பதிப்பும் வந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில்தான், 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில், இன்று நாம் எங்கும் காணும் சாம்பல் கழுத்துக் காக்கை இந்நாட்டுக்கு வந்தது. காப்பிச் செடிகளைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டு வந்து விட்டார்கள். காப்பித் தோட்டங்கள் மறைந்து பால்மரம் வந்தது, காக்கை தங்கிவிட்டது. தோட்ட வேலைக்கென்று கப்பலேற்றப்பட்ட நம் முன்னோருக்கும் அதற்கும் கதை ஏறத்தாழ ஒன்றுதான். பிற்காலத்தில் தொல்லை என்று சொல்லி, ஊராட்சி மன்றங்கள் துப்பாக்கிக்காரர்களை வைத்து அவற்றைச் சுட்டதும் உண்டு.

என் பாட்டி அந்தச் செய்தியை வானொலியில் கேட்ட அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மதியம் வழக்கம்போல் சோற்றுப் பிடியோடு வாசலுக்குப் போனார். வழக்கத்தை விடச் சற்று உரத்த குரலில் கூப்பிட்டார்.